ஸ்ட்ரெச்சரில் சொன்ன சொல்

2012 ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில், ஆஸ்திரேலிய இராணுவத்தின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த கர்ட்டிஸ் மெக்ராத் மறைத்து வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு ஒன்றின்மீது கால் வைத்தார். புதைத்து வைக்கப்படும் வெடிகளைத் தேடிக் கண்டறிந்து, பின்னால் வருவோருக்குப் பாதுகாப்பான வழி அமைத்துத் தருவதே அவர் பிரிவின் பணி. அப்போது அவருக்கு வயது 24. அந்த வெடிப்பில் இரண்டு கால்களும் போயின.

முதலுதவியில் பயிற்சி பெற்றிருந்த அவர் நினைவிழக்கவில்லை. தம் காயங்களுக்கு என்னென்ன செய்யவேண்டும் என்பதைப் பதறி நின்ற தோழர்களுக்கு அவரே எடுத்துச் சொன்னார். பின்னர் ஸ்ட்ரெச்சரில் வைத்து ஹெலிகாப்டரை நோக்கித் தூக்கிச் செல்லப்படும்போது, சுமந்தவர்களின் கலக்கத்தைக் கண்டு, தாம் பாராலிம்பிக் போட்டிக்குப் போகப்போவதாகவும் அங்கே தம்மை அவர்கள் பார்க்கலாம் என்றும் சொன்னார். இலண்டன் பாராலிம்பிக் தொடங்குவதற்கு அன்று ஆறு நாட்களே இருந்தன. அந்தச் செய்தி எங்கும் பேசப்பட்டு வந்ததால் அச்சொல் அவர் நாவில் எளிதாக வந்திருக்கலாம். எந்த விளையாட்டு, எவ்வாறு என்பதெல்லாம் அவருக்கே தெரியாது. தோழர்களுக்கு ஆறுதல் கூறவேண்டும் என்பதே அப்போதைய நோக்கம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 செப்டம்பரில், ரியோ டி ஜெனிரோ நகரின் ஏரியில் நடைபெற்ற பாராலிம்பிக் படகுப் போட்டியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். அதன்பின் டோக்கியோவில் இரண்டு தங்கங்களும் பாரிஸில் ஒரு தங்கமும் அவர் வசமாயின. செய்தித்தாள்கள் இக்கதையைச் சொல்லும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து நேரே பதக்க மேடைக்குத் தாவிவிடுவது வழக்கம். மருத்துவமனைச் செய்தி மடலைப் படிக்கும் நமக்கு அந்தத் தாவலுக்கு இடையே இருக்கும் காலமே முக்கியம். ஏனெனில் இதை வாசிப்போரில் பலர் அந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறார்கள்.

இரு கால்களையும் இழந்த ஒருவர் எழுந்து நிற்பதற்குமுன் கடக்கவேண்டியவை பல. முதலில் காயம் ஆறவேண்டும். வெடிப்பினால் ஏற்படும் காயத்தில் மண்ணும் துகள்களும் ஆழமாகப் புகுந்திருக்கும். ஆகவே ஒரே அறுவைச் சிகிச்சையில் அது முடிவதில்லை. திரும்பத் திரும்பத் தூய்மை செய்யவேண்டியிருக்கும். காயம் ஆறிவரும்போதே எஞ்சிய காற்பகுதியின் வீக்கத்தைக் குறைத்து, செயற்கைக்காலின் குழிக்குள் பொருந்துமாறு அதனை வடிவப்படுத்தவேண்டும். நெகிழ்வுள்ள கட்டுத்துணியை முறையாகச் சுற்றுவது இதற்காகவே. இக்கட்டினை நாள்தோறும் அவிழ்த்துக் கட்டும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டாரிடமே வந்து சேர்கிறது. நுனியில் இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் செவிலியரிடம் ஒருமுறைக்கு இருமுறை செய்துகாட்டிக் கற்றுக்கொள்வது நல்லது. மேலே இறுக்கமாகக் கட்டிவிட்டால் வீக்கம் குறைவதற்கு மாறாகக் கூடும்.

அடுத்தது மூட்டு இறுகிப்போதல். வலி குறைகிறது என்பதற்காக முழங்காலுக்கோ தொடைக்கோ அடியில் தலையணை வைத்துக்கொள்வது நோயாளிக்கு இதமாக இருக்கும். அன்புடையோர் கேட்காமலே வைத்தும் விடுவர். நாட்கள் செல்லச் செல்ல மூட்டு அந்த மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பின்னர் செயற்கைக்கால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் நிமிர்ந்து நிற்க இயலாது. இயன்முறை மருத்துவர்கள் தலையணையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் குப்புறப் படுக்கச் சொல்வது இக்காரணத்தால்தான். கடுமை என்று எண்ணவேண்டா.

இல்லாத காலில் வலி என்பது இன்னொன்று. அகற்றப்பட்ட பாதத்தின் விரல் எரிகிறது, குதிகால் குத்துகிறது என்று நோயாளி சொல்லும்போது வீட்டார் திகைத்துப் போகின்றனர். சிலர் மனக்குழப்பம் என்று கருதிவிடுகின்றனர். அது மனக்குழப்பம் அன்று. மூளையில் அந்தக் காலுக்குரிய பகுதியும் அதற்குச் செய்தி கொண்டுசென்ற நரம்புகளும் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதால் உண்மையிலேயே உணரப்படும் வலி அது. மருந்துகள் உண்டு. கண்ணாடி முன் அமர்ந்து செய்யும் பயிற்சியும் சிலருக்குப் பயன் தருகிறது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மெக்ராத் இவற்றையெல்லாம் கடந்து மூன்று மாதங்களுக்குள் செயற்கைக்கால்களில் நடக்கத் தொடங்கினார். இந்த வேகத்தைப் படித்தவுடன் யாரும் தம் வீட்டு நோயாளியோடு ஒப்பிடத் தொடங்கிவிடக் கூடாது. அவர் 24 வயதினர்; இராணுவப் பயிற்சியால் உரம் பெற்ற உடல்; இதயத்திலோ இரத்தக் குழாய்களிலோ நோய் கிடையாது; மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஓர் அரசின் முழு ஆதரவும் இருந்தது. நம் வார்டுகளில் கால் இழப்போரில் கணிசமானோர் நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்டவர்கள், அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்கு இரத்த ஓட்டமே குறைவு, புண் ஆறவே பல வாரங்கள் ஆகும். இயல்பான நடையைவிடச் செயற்கைக்காலில் நடப்பதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். இரு கால்களும் செயற்கை என்றால் இன்னும் மிகுதி. அந்தச் சுமையைத் தாங்க இதயமும் நுரையீரலும் தயாராக வேண்டும். ‘அந்த ஆஸ்திரேலியர் மூன்று மாதத்தில் நடந்தாராமே’ என்று அப்பாவிடம் சொல்வது ஊக்கமாகாது. அவருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும்.

ஆனால் மெக்ராத்தின் கதையில் வயதையும் உடலையும் சாராத ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் சொன்ன அச்சொல்லைச் சுற்றியிருந்தோர் மறுத்துப் பேசியதாகவோ, அதெல்லாம் இப்போது எதற்கு என்று அடக்கியதாகவோ தெரியவில்லை. நம் வார்டுகளிலும் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே, ‘பொங்கலுக்குள் கடையைத் திறந்துவிடுவேன்’, ‘பேத்தி கல்யாணத்துக்கு நடந்தே வருவேன்’ என்று சொல்வோர் உண்டு. கேட்கும் உறவினர் ஒன்று கண்ணீர் விடுவர், இல்லையேல் பேச்சை மாற்றுவர். மறுவாழ்வு மருத்துவத்தில் நோயாளி தாமே சொல்லும் இலக்குக்குத் தனி மதிப்பு உண்டு. அதனை இயன்முறை மருத்துவரிடம் அப்படியே தெரிவித்தால், கடையில் எத்தனை மணி நேரம் நிற்கவேண்டும், எத்தனை படி ஏறவேண்டும், எவ்வளவு எடை தூக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பயிற்சியை அதற்கேற்ப அமைக்க அவரால் முடியும். இலக்கு நிறைவேறுமா என்பது பின்னர் தெரியும். அதை இப்போதே தீர்ப்பளிக்க யாருக்கும் அவசரம் இல்லை.

மெக்ராத்துக்கு விளையாட்டு பின்னால்தான் வந்தது. மறுவாழ்வுக் காலத்தில் அவர் துடுப்புப் படகுப் பந்தயத்தைத் தேர்ந்துகொண்டார். அப்போது அது மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளுள் இளையது. 2009 இல் கனடாவில் செய்முறைக் காட்சியாக நடத்தப்பட்டு, 2010 இல் போலந்தின் போஸ்னான் நகரில்தான் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமாக முறைப்படி தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் ரியோ பாராலிம்பிக்கில் சேர்த்துக்கொள்ளவும் முடிவாயிற்று. பந்தயத் தூரம் 200 மீட்டர் மட்டுமே. விளையாட்டரங்க ஓடுபாதையில் பாதிச் சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். முன்னணி வீரர்கள் அதனை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகின்றனர்.

படகுகள் இரு வகை. ஒன்று கயாக். வீரர் முன்னோக்கி அமர்ந்து, இருமுனைகளிலும் அலகுள்ள துடுப்பினால் வலமும் இடமும் மாறி மாறித் தள்ளுவார். போட்டிக் கயாக் 5.2 மீட்டர் நீளம். 12 கிலோ எடைதான். மற்றொன்று ‘வாஆ’ எனப்படும் பசிபிக் தீவு மக்களின் படகு. நீண்டு ஒடுங்கிய அதன் ஒரு பக்கத்தில், குறுக்குக் கழிகளால் பிணைக்கப்பட்ட மிதவை ஒன்று உடன் செல்லும். இலங்கையின் மேற்குக் கரையில் மீனவர்களின் ‘ஒருவா’ படகைக் கண்டவர்களுக்கு அந்த அமைப்பு புதிதாக இராது. வாஆவில் துடுப்புக்கு ஓர் அலகு மட்டுமே. திசை திருப்பும் சுக்கானும் கிடையாது.

யாருடன் யார் போட்டியிடுவது என்பதை உடலில் எஞ்சியுள்ள இயக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கின்றனர். இழந்தது எது என்று கேட்பதைவிட, படகில் அமர்ந்தபின் இயங்குவது எது என்றே கேட்கின்றனர் எனலாம். கயாக்கில் மூன்று பிரிவுகள் உண்டு. கே.எல். 1 பிரிவினருக்குக் கால்கள் இயங்கா. உடற்பகுதியும் இயங்காது அல்லது மிகச் சிறிதே இயங்கும். தோளும் கையும்தான் துணை. கே.எல். 2 பிரிவினர் உடற்பகுதியை ஓரளவு பயன்படுத்துவர். கே.எல். 3 பிரிவினருக்கு உடற்பகுதி நன்கு இயங்கும். கால்களும் ஓரளவு உதவும். வாஆவுக்கும் இவ்வாறே வி.எல். 1 முதல் 3 வரை பிரிவுகள் உள்ளன. படுக்கையில் தசைவலிமையைச் சோதிப்பதோடு நில்லாமல், துடுப்பு போடும்போது உடல் எவ்வாறு அசைகிறது என்பதையும் பார்த்தே பிரிவு முடிவாகிறது.

2014 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடைபெற்ற உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் மெக்ராத் வாஆ பந்தயத்தில் தங்கம் வென்றார். காயமுற்று இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ரியோவுக்குப் பாதை தெளிவாகிவிட்டது போலத் தோன்றியிருக்கும்.

அதன்பின் 2015 இல், ரியோவில் கயாக் பந்தயங்கள் மட்டுமே நடைபெறும், வாஆ இடம்பெறாது என்று அறிவிக்கப்பட்டது. உலகச் சாம்பியன் ஆன ஒருவருக்கு அவர் வென்ற போட்டியே இல்லை என்றாயிற்று. அவரது வாழ்க்கையில் இந்தப் பகுதியே எம்மை மிகவும் கவர்ந்தது. வெடிகுண்டு பெருந்துயரம்தான், ஆயினும் அதற்குப் பிறகு எல்லோருடைய கவனமும் பரிவும் அவர்மீது இருந்தன. இது அலுவலக முடிவு ஒன்றினால் வந்த இழப்பு. இதற்காக யாரும் மலர்க்கொத்து அனுப்புவதில்லை. நோயாளிகளுக்கு இத்தகைய இரண்டாம் அடி நன்கு தெரியும். பொருத்திய செயற்கைக்கால் நான்கே மாதத்தில் தளர்ந்துபோகும், ஏனெனில் எஞ்சிய காற்பகுதி இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது, மீண்டும் அளவெடுக்கவேண்டும். ஆறியதாக நினைத்த புண் மறுபடி திறக்கும். பழகிய இயன்முறை மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். முதல் அடியில் தைரியமாக இருந்தவர்கள் இவற்றில் மனம் உடைவதைக் கண்டிருக்கிறோம். வீட்டார் விழிப்பாக இருக்கவேண்டிய தருணம் இதுவே.

மெக்ராத் கயாக்குக்கு மாறினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு மாறுவது சிறிய காரியமாகத் தெரியலாம். வாஆவின் பக்க மிதவை படகைக் கவிழாமல் தாங்கும். கயாக்கில் அந்தத் தாங்கல் இல்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. கயாக் ஓட்டுபவர் கைகளால் மட்டும் ஓட்டுவதில்லை. வலப்பக்கம் துடுப்பு நீரில் இறங்கும்போது வலப்பாதம் முன்பலகையை உந்தும், இடுப்பு திரும்பும், அவ்வுந்துதலே உடற்பகுதி வழியாகத் துடுப்புக்குப் போய்ச் சேரும். கால் இல்லாதவருக்கு அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியே இல்லை. உந்துவதற்கு எஞ்சிய காற்பகுதியும் இடுப்பும் இருக்கையைத் தொடும் இடமே உண்டு. ஆகையால் இருக்கை அவரவர் உடலுக்கேற்பச் செதுக்கியதுபோல் பொருந்தவேண்டும். சிறிது ஆட்டம் கண்டாலும் வலிமை அங்கே வீணாகும். கால்களின் எடை முன்பக்கம் இல்லாததால் படகின் சமநிலையும் மாறிவிடுகிறது. இருக்கையை எவ்விடத்தில் வைப்பது என்பதையே புதிதாகக் கண்டறியவேண்டும். செயற்கைக்காலின் குழி பொருந்துவதற்கும் படகின் இருக்கை பொருந்துவதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இரண்டிலும் பொறுமையாக அளவெடுப்பவர் ஒருவர் தேவைப்படுகிறார்.

அவ்வாண்டே மிலான் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் வாஆவில் தங்கமும் கயாக்கில் வெள்ளியும் பெற்றார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ரியோவில் கே.எல். 2 இறுதிப் பந்தயம். 42 வினாடிகளை ஒட்டிய நேரத்தில் முதலாவதாக வந்தார். பாராலிம்பிக் வரலாற்றில் இப்படகுப் போட்டி நடைபெற்ற முதல் ஆண்டு அது. அன்று வெள்ளி பெற்ற ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஸ்வோபோடா அதற்குமுன் பலமுறை உலகச் சாம்பியன் ஆனவர். வெண்கலம் பெற்ற பிரிட்டனின் நிக் பெய்ட்டனும் ஓர் இராணுவ வீரர். அவரும் ஆப்கானிஸ்தானில், 2009 இல், வெடிகுண்டினால் இரு கால்களை இழந்தவர். இலண்டன் பாராலிம்பிக்கில் துடுப்புப் படகின் வேறொரு வகையான ரோயிங் போட்டியில் பங்கேற்றுப் பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டவர் அவர். ஒரே நாட்டின் மண்ணில் கால்களை விட்டுவந்த இருவர் ஒரே மேடையில் நின்றனர். ரியோ நிறைவு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியை மெக்ராத் ஏந்திச் சென்றார்.

டோக்கியோவுக்கு வாஆ பந்தயங்கள் திரும்பி வந்தன. 2021 இல் அங்கே மெக்ராத் கயாக்கில் தங்கத்தைத் தக்கவைத்ததோடு, ஆறு ஆண்டுகளுக்குமுன் தம்மிடமிருந்து பறிபோன வாஆவிலும், வி.எல். 3 பிரிவில், தங்கம் பெற்றார். 2024 இல் பாரிஸில் மூன்றாம் முறையாகக் கயாக் தங்கம்.

வாஆ திரும்பி வந்ததில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. டோக்கியோவில் மகளிர் வி.எல். 2 பிரிவில் இறுதிப் பந்தயம் வரை சென்று எட்டாவதாக வந்தவர் மத்தியப் பிரதேசத்தின் குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ். பாராலிம்பிக்கில் இவ்விளையாட்டில் இந்தியா சார்பில் பங்கேற்ற முதல்வர் அவரே. பிறவியிலிருந்தே கால்கள் செயலிழந்த அவர் முதலில் நீச்சல் வீராங்கனையாக இருந்தார். பயிற்சியாளர் ஒருவரின் யோசனையை ஏற்றுப் படகுக்கு மாறி, போபால் நகரின் சின்ன ஏரியில் பயிற்சி பெற்றார். 2022 இல் போஸ்னான் உலகக் கோப்பையில் வெண்கலம். 2023 இல் சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசியப் பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம், வாஆவில் வெள்ளி. அதே ஹாங்சோ போட்டியில் அவருடைய கணவர் மனிஷ் கௌரவ் ஆடவர் கயாக்கில் வெண்கலம் வென்றார். வீட்டில் யார் யாருக்குத் துணை என்று சொல்லமுடியாத குடும்பம்.

இதைப் படித்துவிட்டு நீரில் இறங்க விரும்புவோர் ஒருசிலராவது இருக்கக்கூடும். அவர்களுக்குச் சில சொற்கள். முதலில் நீச்சல், அல்லது கவிழ்ந்தால் மிதவைச் சட்டையோடு முகம் மேலே வருமாறு திரும்பிக்கொள்ளும் பயிற்சியாவது வேண்டும். படகில் உடலைப் பட்டையால் கட்டுவதாயின், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பட்டையாக இருக்கவேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இறங்கக்கூடாது.

தண்டுவடப் பாதிப்பினால் இடுப்புக்குக்கீழ் உணர்வு குறைந்தவர்கள் இருக்கையில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கடினமான இருக்கையில் ஈரத்தோடு அரைமணி நேரம் உராய்ந்தால் தோல் புண்ணாகிவிடும். அவர்களுக்கு அது தெரியவும் செய்யாது. கரைக்கு வந்ததும் உடைமாற்றும்போது வீட்டார் ஒருவர் புட்டத்தையும் இடுப்பெலும்புப் பகுதியையும் பார்க்கவேண்டும். தனியாக இருப்பவர் கைக்கண்ணாடி வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். சிவந்திருந்தால் அவ்விடத்தில் எடை விழாதவாறு படுத்து, சிவப்பு மறையும்வரை மீண்டும் அமரவேண்டா. மறுநாளும் மறையாவிட்டால் புறநோயாளர் பிரிவுக்கு வந்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் நெடுநேரம் அமர்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.